கிள்ளானில் தகரம் அடித்தவன்

இது 1994 ஜூன் மாதம் பிரிக்பீல்ட்ஸில் நடந்தது. நான் கதை கட்டிவிட்டேன் என்று நினைப்பவர்கள் விஜயனையே போய்க் கேட்கலாம். அவன் வீட்டுக் கதவை மட்டும் தட்டிவிடாதீர்கள். அவனுக்கு ஆகாது.

அவனும் ஜெயராஜும் என் வீட்டுக்கு எதிர்மாடியில் ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தார்கள். பெயர் 'இரும்புக் கடை'. ஜெயராஜ் ராப் பாடுவான். விஜயன் எண்ணெய்த் தகரத்தைக் கம்பியால் அடிப்பான். வெல்டிங் சத்தம், ரயில் பிரேக் சத்தம் எல்லாம் டேப்பில் பிடித்து வந்து கூடவே ஓடவிடுவார்கள். புதுமையாம். கேட்டால் பல் கூசும். நானும் கேட்காமல் இருந்ததில்லை.

பிறகு கார்த்திகேசு வந்து சேர்ந்தான். அப்பா அரசாங்க ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. எந்தச் சத்தத்தையும் பிடித்துவைத்துத் திருப்பி அடிக்கும் மெஷின் ஒன்று அவனிடம் இருந்தது. அன்றிலிருந்து ஜெயராஜுக்கு எதற்கெடுத்தாலும் கார்த்திகேசுதான். இருவரும் காஜாங் போய்ச் சாத்தே சாப்பிட்டதைக்கூட விஜயனிடம் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அவன் முகம் புளித்த மாவாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் மண்டபத்தில் நிகழ்ச்சி. கேசட் கம்பெனி ஆள் வருகிறார். அதற்குப் பிறகு தாளத்துக்கு ஒருவன் போதும் என்று ஜெயராஜ் சொல்லிவிட்டான். எவன் போக வேண்டும் என்று சொல்லவில்லை. விஜயனுக்குத் தெரியாதா என்ன?

புதன்கிழமை பிற்பகல் பதிவு செய்ததை மூவரும் போட்டுக் கேட்டார்கள். நடுவில் ஒரு தாளம். டொக்... டொக்... பிறகு தகரத்தை நகத்தால் கீறுவதுபோல், ஸ்ர்ர்ர். மூவருக்கும் மயிர்க்கூச்செறிந்ததாம்.

"இது யாருடா அடிச்சது?" என்றான் ஜெயராஜ்.

கார்த்திகேசு வாயைத் திறப்பதற்குள் விஜயன் முந்திக்கொண்டான்.

"நான்தான் லா."

அவன் அடிக்கவில்லை. கீழே ஆறு வருடமாக மூடிக் கிடக்கும் டோபிக் கடையில் தண்ணீர்க் குழாய் அதிர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். ஜெயராஜ் அவன் தோளில் கைபோட்டான். எத்தனை நாளுக்குப் பிறகு. பொய் இனிக்கத்தானே செய்யும்?

ஞாயிறு. மற்ற இருவரும் பன்னிரண்டு மணிக்கே சாமான்களோடு வேனில் கிளம்பினார்கள். பஸ்ஸில் வந்து சேர்வதாகச் சொல்லி விஜயன் அறையிலேயே தங்கினான். காரணம், அந்தத் தாளம் அவனுக்கு இன்னும் கைவரவில்லை.

மணி 2.20. ஒரு பழைய தகரத்தை வைத்து அடித்தான். டொக்... டொக்... கீறல் மட்டும் சரியாக விழவில்லை.

தரைக்கு அடியிலிருந்து விழுந்தது.

ஸ்ர்ர்ர்...

மறுபடி அடித்தான். கீழே இருந்தது முழுத் தாளத்தையும் அடித்துக் காட்டியது. சுத்தமாக. அவனைவிடச் சுத்தமாக.

வேறொருவன் என்றால் ஓடியிருப்பான். இவனுக்குப் பொறாமை வந்தது. பத்துத் தடவை அடித்தான். பதினைந்து. ஒவ்வொரு தடவையும் கீழே இருந்ததுதான் ஜெயித்தது.

2.47. கம்பியை வீசி எறிந்தான்.

"அவ்ளோ கெட்டிக்காரன்னா நீயே போய் அடி லா."

சத்தம் நின்றது.

கதவுக்கு வெளியே... க்ளக்.

கொண்டியில் தொங்கிய பூட்டு.

பிறகு படியில் காலடி.

நிதானமாக...

இறங்கிப் போனது.

சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. உள்ளே.

5.05க்குக் கோயிலிலிருந்து திரும்பும்போதுதான் அவன் கதவை இடிப்பது எனக்குக் கேட்டது. மேலே ஏறினேன். சாவியைக் கதவிடுக்கில் தள்ளினான். திறந்தால், வேர்வையில் தொப்பலாக நனைந்து நிற்கிறான்.

"கார்த்திகேசுதான் பூட்டிட்டான் ஆன்டி. என் சான்ஸ் போச்சு."

கார்த்திகேசு மத்தியானமே வேனில் ஏறிப் போனதை நான் பார்த்தேன் என்றேன். அதற்குப் பிறகுதான் நடந்ததையெல்லாம் சொன்னான்.

7.15. வேன் வந்து நின்றது. ஜெயராஜ் படியில் தாவி ஏறி வந்து விஜயனைக் கட்டிக்கொண்டான்.

"என்னா அடிடா. இத்தனை வருசத்துல நீ இப்படி அடிச்சதே இல்ல. கம்பெனி ஆளு உன் பேரத்தான் எழுதிக்கிட்டாரு."

விஜயன் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாய் திறக்காமல் இருந்தது அன்று ஒருநாள்தான்.

ஜெயராஜ் டேப்பைப் போட்டான். நாலரை மணிக்கு நடந்த நிகழ்ச்சி. டொக்... டொக்... ஸ்ர்ர்ர். கைதட்டல் அடங்க வெகுநேரமானது. யாரோ பெயர் கேட்டார்கள்.

"விஜயன்."

அவன் குரலேதான்.

நடுங்குவான் என்று பார்த்தேன். அவன் முகம் மறுபடி புளித்தது. ஆசைப்பட்ட இடம் கிடைத்துவிட்டது. வாங்கிக் கொடுத்தவன்தான் அவன் இல்லை.

கார்த்திகேசு அதுவரை வாசலிலேயே நின்றிருந்தான். குழுவில் இனித் தனக்கு வேலையில்லை என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. மெஷினை எடுத்துக்கொண்டு புறப்பட்டவன், விஜயனிடம் திரும்பினான்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. கிள்ளான்லேர்ந்து என் பக்கத்துலதான உக்காந்து வந்த... எங்களுக்கு முன்ன எப்படி மேல வந்த?"

நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

வேனின் பின்கதவு திறந்து கிடந்தது.