மடிப்புக் கலைந்த மோரீஸ் நோட்டு

கரி இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் ஈரத் துணியிலிருந்து கிளம்பும் ஆவி... என் சிநேகிதன் வேம்புவின் மயிலாப்பூர் மாடி அறை என்றாலே எனக்கு அந்த வாடைதான்.

மோரீஸ் தீவு சர்க்கார் வெளியிட்ட பழைய நோட்டுகளைச் சேர்ப்பது அவன் பைத்தியம். கப்பலில் போய் வந்தவர்கள் தரும் நோட்டு கசங்கித்தான் இருக்கும். அதைத் துணிக்கடியில் வைத்துத் தேய்த்து ஆல்பத்தில் செருகுவான். நான் இன்ஜினியரிங் முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. சூடு பட்டால் காகிதத்தின் நார் செத்துப்போகும் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

சாந்தோமில் எங்கள் பக்கத்து வீட்டு லூர்து அக்கா மீன் விற்பவர். அவர் புருஷன் மோரீஸுக்குப் போய் அங்கேயே இறந்தார். கூடப் போனவர் கொண்டுவந்து கொடுத்தது ஒரு சட்டை. அதன் பையில் எட்டாய் மடித்த, அந்தத் தீவின் ஒரு ரூபாய் நோட்டு. அக்கா அதை மாற்றவில்லை. பிரிக்கவும் இல்லை.

நான் சொல்லக் கேட்டு வந்த வேம்பு அதை விலைக்குக் கேட்டான்.

"விக்கிறதுன்னா அன்னிக்கே வித்திருக்க மாட்டனா சாமி? வோணும்னா பாத்துட்டுக் குடு."

"ஆத்துக்கு எடுத்துண்டு போய் நன்னா பாத்துட்டு, நாளைக்கே கொண்டுவந்து தரேன்."

"தொலச்சீன்னா மீன் கூடையோட உங்க ஊட்டு வாசல்ல வந்து குந்திக்குவேன், ஆமா."

மறுநாள் சொன்னபடி கொண்டுவந்தான். நோட்டு அட்டை மாதிரி நிமிர்ந்திருந்தது.

"புதுசாட்டம் ஆயிடுத்து, பாருங்கோ."

அக்கா சத்தம் போடவில்லை.

"அது அவரு கையால மடிச்சது சாமி."

வேம்புவின் முகம் செத்துவிட்டது. "நான் வேணா திருப்பி மடிச்சு..."

"நீ தொடாத."

நோட்டை வெயிலுக்கு நேரே பிடித்தார். பழைய கோடுகள் மங்கலாய்த் தெரிந்தன. விரலால் தடவித் தடவி, எது முதல் மடிப்பு என்று தேடி மடித்தார். நடுவில் ஒன்று பிடிபடவில்லை. பிரித்தார். மறுபடி மடித்தார்... எனக்குப் பொறுமை கிடையாது, என்னை அறிந்தவர்களுக்கு அது தெரியும். அன்று நகராமல் நின்றேன். கடைசியில் சரியாக வந்ததா என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இடுப்புப் பையில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வேம்பு அன்றோடு தேய்ப்பதை விட்டான். ஏரியை மூடி மனை போட்ட தியாகராய நகரில் இப்போது சொந்த வீடு. நோட்டுகள் லண்டன் வியாபாரியிடமிருந்து தபாலில் வருகின்றன. போன ஞாயிற்றுக்கிழமை காட்டினான். ஒரு மடிப்பு இல்லை, ஒரு கறை இல்லை. அச்சும் நேர்த்தி, மறுப்பதற்கில்லை.

யாரும் எங்கேயும் எடுத்துப் போகாத காசு... சீக்கிரமே பார்த்து முடித்துவிட்டேன்.