இரண்டு வீதம் கூடிய வைன்

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் ஓர் இத்தாலிய உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்தேன். முதலாளி இத்தாலியர். சமைத்தவர், சென் ஜேம்ஸ் ரவுணில் என் கட்டடத்திலேயே குடியிருந்த மானிப்பாய் அண்ணை.

சனிக்கிழமை மதியங்களில் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரத் தம்பதி வருவார்கள். மனைவி அதிகம் பேசமாட்டார். இருவருக்குமாக ஒரு போத்தல் சிவப்பு வைன், எப்போதும் அதே வைன். மெல்லிய நிறம், இலேசான புளிப்பு. முடித்துவிட்டு நிதானமாக நடந்து வீட்டுக்குப் போவார்கள்.

ஒருமுறை அதே வைனின் புது வரத்து வந்தது. ஊற்றும்போதே நாவற்பழச் சாறுபோலக் கறுத்திருந்தது. வழக்கம்போல முழுப் போத்தலையும் முடித்தார்கள். அந்த அம்மா திடீரென்று சிரிக்கத் தொடங்கினார். எழுந்து நேரே சமையலறைக்குள் போய், அண்ணையின் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

"டேய், இவவைப் பிடியடா! சோஸ் அடிப்பிடிக்கப் போகுது!" என்று அண்ணை கத்தினார். ஆனால் அவரும் ஆடிக்கொண்டுதான் இருந்தார்.

கணவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு லேபிளைப் படித்தார். முன்பு பன்னிரண்டு வீதமாக இருந்த அற்ககோல் இப்போது பதினாலு. முதலாளியைக் கூப்பிட்டுக் குரலை உயர்த்தி விசாரித்தார். பழத்தை நன்றாகக் கனியவிட்டுப் பறிக்கிறார்கள், புது மரப்பீப்பாயில் வைக்கிறார்கள், சனங்கள் இதைத்தான் கேட்கிறார்கள் என்றார் முதலாளி.

"என்னவாம்?" அண்ணை என்னிடம் கேட்டார்.

"வைனுக்கு வெறி கூடிப்போச்சாம் அண்ணை."

"உதுக்கே இந்தச் சண்டை? கூடினா நல்லதுதானே!"

முதலாளி நிலவறையில் தேடிப் பழைய வரத்தில் சில போத்தல்களைக் கண்டெடுத்தார். அடுத்த சனிக்கிழமை ஒன்றைத் திறந்தேன். கணவர் ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். மனைவியும் ஒரு வாய் குடித்தார். கிளாஸை மெல்லத் தள்ளிவைத்தார்.

"தண்ணீர் மாதிரி இருக்கிறது. போன வாரம் தந்ததையே கொண்டு வாருங்கள்."

கணவர் அவரைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அதன் பிறகு அந்த மேசையில் இரண்டு போத்தல்கள். இரண்டும் பாதியில் நிற்கும், மிச்சம் எங்களுக்கு. அண்ணைக்குக் கறுத்தது பிடித்தது, எனக்குப் புளிப்பு. "உனக்கு நாக்குச் செத்துப்போச்சு" என்பார், வீடு போய்ச் சேரும்வரை.

வசந்தத்தில் பழைய போத்தல்கள் தீர்ந்தன. கணவர் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு புதியதையே வாங்கித் தண்ணீர் கலந்து குடிக்கப் பழகினார். அதைக் காணச் சகிக்காமல் முதலாளி சமையலறைக்குள் வந்து, அண்ணையின் பக்கத்தில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிற்பார்.