சோதனைச்சாவடிக் காவலர் போட்ட கையெழுத்து

எண்பதுகளின் தொடக்கம். ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்கு அப்போது பஸ் கிடையாது. எங்கள் நிலத்துப் புளியை உலுக்கி, கொட்டை எடுத்து, கூடையில் சுமந்துகொண்டு ஒடுகத்தூர் சந்தைக்கு இறங்கினேன். வீட்டில் ஆறு மாதக் கைக்குழந்தையை நாத்தனார் பார்த்துக்கொண்டாள்.

அடிவாரத்தில் வனத்துறைச் சோதனைச்சாவடியில் காவலர் நிறுத்தினார். "சீட்டு எங்கம்மா?" என்றார். வனத்துறை தரும் அனுமதிச் சீட்டு இல்லாமல் புளி, கடுக்காய் எதைக் கொண்டுவந்தாலும் அது காட்டில் திருடியதுதான் என்று அன்று ஒரு விதி இருந்தது. திருடவில்லை என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும்.

"எங்க வூட்டு மரத்துப் புளி சார்" என்று கெஞ்சினேன். அவர் நிமிர்ந்தே பார்க்காமல் எழுதினார். பொழுது சாயும்வரை அங்கேயே உட்கார வைத்தார்கள். பால் கட்டி, ரவிக்கை நனைந்து, மார்பு நெருப்பாக எரிந்தது. விடும்போது அந்தக் காவலரின் காலடியில் மண்ணை வாரி எறிந்து சபித்துவிட்டு வந்தேன்.

திருட்டு வழக்கு. அபராதம் கட்டினால் விட்டுவிடுவார்கள் என்றார்கள். ஆனால் வேலூர் வக்கீல் ஒருவர், "கட்டிட்டா நீ திருடின்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி. அந்த விதியே தப்புன்னு கேக்கலாம்" என்றார். எங்களிடம் எதுவும் வாங்காமல் மெட்ராஸ் ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டார்.

சர்க்கார் தரப்போ, "விதி எல்லாருக்கும் ஒன்றுதான்" என்று பதில் கொடுத்தது. காகிதத்தில் அது உண்மைதான். மலைக்காரர்களிடம் மட்டுமே அதைக் காட்டுகிறார்கள் என்று யார் வந்து சொல்வார்கள்? வழக்கு நிற்காது போலிருக்கிறது என்று வக்கீலே சோர்ந்துவிட்டார்.

ஒரு நாள் நானும் என் வீட்டுக்காரரும் வக்கீல் வீட்டில் இருந்தபோது, வேட்டி கட்டிய ஒருவர் உள்ளே வந்தார். அதே காவலர்! எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "இவரு இன்னாத்துக்கு இங்க வர்றாரு?" என்று கத்தியே விட்டேன்.

அவர் வக்கீலிடம் சொன்னார்: "லாரில போற வியாபாரிங்கள நாங்க ஒரு நாளும் சீட்டு கேட்டதில்ல சார். மலைக்காரங்க தலச்சுமையத்தான் எறக்கச் சொல்றோம். மேலேர்ந்து வாய்வார்த்தையா அப்டித்தான் உத்தரவு. எழுதுங்க, கையெழுத்து போடறேன்."

"வேலைக்கே ஆபத்துங்க" என்றார் வக்கீல்.

"தெரியும் சார். எனக்கும் வூட்ல கைக்கொழந்த இருக்குது. அன்னிக்கி இந்தம்மா நனைஞ்ச துணியோட நின்னதப் பாத்துட்டுப் போனவன்தான். இன்னும் சோறு எறங்கல."

நான் தலை குனிந்தேன். வக்கீல் எழுதிய காகிதத்தில் அவர் கையெழுத்துப் போட்டார்.

பல மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. அவர் வாக்குமூலத்தை ஏற்று, அந்த விதி செல்லாது என்று கோர்ட் சொன்னது. என் மேலிருந்த வழக்கும் போனது. ஊரே கூடிக் கொண்டாடியது. ஆனால் காவலரை அதற்கு முன்பே எங்கோ தெற்கே மாற்றிவிட்டிருந்தார்கள். சேதி தெரிந்து நாங்கள் போனபோது அவர் குடியிருந்த வீடு பூட்டிக் கிடந்தது. அவரிடம் என்னால் மன்னிப்பும் கேட்க முடியவில்லை, நன்றியும் சொல்ல முடியவில்லை.

இன்றும் பேப்பரில் ஏதாவது நல்ல தீர்ப்பு வந்திருப்பதாக என் மகன் படித்துச் சொன்னால், தன் பிழைப்பைப் பணயம் வைத்து அதற்குக் கையெழுத்துப் போட்டவர் யாரோ, எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்றுதான் முதலில் கும்பிடத் தோன்றுகிறது.