உன் பக்கம், என் பக்கம்

கால்நடை டாக்டரம்மாவிடம் இடது எது, வலது எது என்று கேட்டால் ஒரு கணம் விழிப்பார். சிறு வயதிலிருந்தே அப்படித்தான். எழுதும் கை எது என்று மனதுக்குள் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பதில் வரும். அதற்குள் கார் திருப்பத்தைத் தாண்டியிருக்கும்.

இத்தனை வருஷமாக அது ஒரு குறையாகவே தெரியவில்லை. கணவருக்கு பேக்கரியில் விடியற்காலை வேலை. ரொட்டி அடுப்பிலிருந்து இறங்கியதும் வீட்டுக்கு வந்துவிடுவார். மனைவி வீடு வீடாகப் போய் நாய், பூனை, கிளி என்று வைத்தியம் பார்க்கக் கிளம்பும்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வழி சொல்வார். பாதி வழியில் தூங்கியும் போவார். இப்போது அவரைப் பகல் நேரத்துக்கு மேற்பார்வையாளராக மாற்றிவிட்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் அந்த வாரமே சிறகு ஒடிந்த கிளியைப் பார்க்கப் புறப்பட்ட டாக்டரம்மா, லாரி நிறுத்துமிடம் ஒன்றுக்குள் போய் மாட்டிக்கொண்டார். போனில் வழி பார்க்கலாமென்றால், நாய்க்குக் காய்ச்சல், பூனை சாப்பிடவில்லை என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

"வழி சொல்ற மெஷின் ஒண்ணு வாங்கிடலாம். நான் பக்கத்துல உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கும்," என்றார் கணவர்.

"மெஷின் குறட்டை விடாதுப்பா," என்றாள் மகள்.

கணவனும் மனைவியுமாகக் கார் சாமான் விற்கும் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் மூன்று கருவிகளை எடுத்து வைத்தார். ஒன்றுக்குப் பெரிய திரை. இன்னொன்று எங்கே நெரிசல் என்று முன்கூட்டியே சொல்லும். மூன்றாவது உள்ளங்கை அளவுதான். "ஓட்டிப் பாத்துட்டே எடுங்க மேடம்," என்று தாமே பின் சீட்டில் ஏறிக்கொண்டார், பாவம்.

பெரிய திரை மிக மரியாதையாக "இடது பக்கம் திரும்பவும்" என்றது. டாக்டரம்மா வலது பக்கம் திரும்பினார். அது சளைக்காமல் வேறு வழி போட்டுக் கொடுத்தது. அதிலும் மாற்றித் திரும்பினார். இரண்டாவது கருவியிலும் அதே கதைதான். கடைக்காரர் கதவுப் பிடியை விடவே இல்லை.

"இடது, வலதுன்னு சொல்லாத மெஷின் இருக்கா?"

"வேற எப்படி மேடம் சொல்றது?"

"இவர் 'உன் பக்கம்', 'என் பக்கம்'னு சொல்வார். அப்படிச் சொன்னா எனக்குச் சட்டுனு புரிஞ்சிடும்."

கடைக்காரரின் முகம் தெளிந்தது. "அப்போ இந்தச் சின்னதை எடுத்துக்குங்க. பாக்க சுமாராத்தான் இருக்கும். ஆனா இதுல நம்ம குரலையே பதிவு பண்ணிக்கலாம். சார் பேசினா சார் குரல்லயே வழி சொல்லும்."

அன்று சாயங்காலம் படுக்கையறை ஜன்னலைச் சாத்திக்கொண்டு கணவர் பேச உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடுத்து... உன் பக்கம் திரும்பவும்," என்றார்.

"செய்தி வாசிக்கிற மாதிரி இருக்குங்க. வீட்டுல பேசுற மாதிரி பேசுங்களேன்."

கதவுக்கு வெளியே மகள் சிரித்த சத்தமும் சேர்ந்து பதிவாகிவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். "இப்ப உன் பக்கம். மெதுவா, மெதுவா." "அடுத்தது என் பக்கம்." "நேரா போம்மா." கடைசியில் "அவ்ளோதான், வந்தாச்சு."

மறுநாள் நல்ல மழை. ஊருக்கு வெளியே, புதிதாக வீடுகள் கட்டும் பகுதியிலிருந்து ஓர் அம்மா பதறிப்போய்க் கூப்பிட்டார். நாய்க்குப் பிரசவ வலி, குட்டி வெளியே வரவில்லை. கண்ணாடியில் தண்ணீர் கொட்டியதில் தெருப் பலகை எதுவும் தெரியவில்லை. டாக்டரம்மா பலகையைத் தேடவும் இல்லை. உன் பக்கம் என்றதும் தன் பக்கம் ஒடித்தார், என் பக்கம் என்றதும் காலி சீட்டின் பக்கம் ஒடித்தார். ஓர் இடத்தில்கூட வழி தப்பவில்லை. குறுக்கே கிடந்த குட்டியைத் திருப்பி வெளியே எடுத்ததும் மற்ற மூன்றும் தாமாகவே வந்துவிட்டன. கையைக் கழுவிக்கொண்டு பேக்கரிக்கு போன் செய்தார்.

"நாலும் நல்லா இருக்குங்க."

"வழி?"

"நீங்கதான் கூட்டிட்டு வந்தீங்க."

"சரி, பாத்து வா," என்றார் கணவர்.

விடுமுறை நாளில் மூவரும் காரில் கிளம்பினார்கள். "இப்ப உன் பக்கம்," என்றது கருவி.

"அவன் கெடக்கான். என் பக்கம் திரும்பு, குறுக்கு வழி இருக்கு," என்றார் கணவர்.

டாக்டரம்மா அவர் சொன்னபடியே திரும்பினார். தெரு ஒரு மதில் சுவரில் போய் முடிந்தது. பின் சீட்டில் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, கணவர் இறங்கிப் பின்னால் நின்று, காரைத் திருப்பக் கைகாட்ட ஆரம்பித்தார்.