முன்னங்காலில் சூடு

ஊட்டியில் சீசன் தொடங்கினால் எனக்கு எரிச்சலும் தொடங்கிவிடும். பூ பார்க்க வருகிறவர்கள் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஏப்ரலில் மேட்டுப்பாளையம் வழியாகக் குதிரை லாரிகள் மலை ஏறி வருமே, அதைப் பார்த்தால்தான் வயிறு எரியும். பதினாறு வருஷம் அந்த லாரிகளில் குதிரையோடு நின்றுகொண்டே வந்தவன் நான். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அது சரிந்து விடாமல் தோள் கொடுத்தவன். எங்களை சைஸ் என்பார்கள். தீனி வைப்பது, தேய்த்துவிடுவது, சாணம் அள்ளுவது, கால் பார்ப்பது எல்லாம் எங்கள் வேலை. கோப்பை வாங்குவது மட்டும் வேறு ஆட்களின் வேலை.

என் கையில் வளர்ந்த குதிரைகளில் ஒருவன் சாம்பியன். பேரைச் சொன்னால் ரேஸ் பித்துப் பிடித்தவர்கள் இன்றும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவன் ஓடிய ஓட்டமெல்லாம் பேசுவார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது, அதனால் பேர் வேண்டாம். இரண்டு வயதில் வந்தான். செம்பழுப்பு நிறம், சுமாரான எலும்பு, படு மோசமான குணம். என் இடது தோளில் அவன் கடித்த தழும்பு இன்னும் இருக்கிறது. முதல் ரேஸில் கூட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டே கடைசியாக வந்தான். கடியும் உதையும் தாங்காமல் மூன்று வயதில் காயடித்துவிட்டார்கள். அதோடு வம்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை, ஓடினால்தான் அவனுக்குச் சோறு.

ஓடினான். மெட்ராஸில், பெங்களூரில், இங்கே ஊட்டியில். கடைசித் திருப்பம் வரைக்கும் யாருக்கு வந்த விருந்தோ என்று பின்னாலேயே வருவான். வளைவு முடிந்து நேர்ப்பாதை கண்ணில் பட்டதும் காதை மடக்கிக்கொண்டு ஒரு பாய்ச்சல். முன்னால் போனவை எல்லாம் நிற்பது மாதிரி இருக்கும். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்த மாட்டேன். அவனைப் பிடித்துக்கொள்ளக் கயிற்றோடு ஓடுவேன். பத்திரிகைப் படங்களில் முதலாளி கடிவாளத்தைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருப்பார். மறு பக்கம் கடிவாளத்தைப் பிடித்திருக்கும் ஒரு கை மட்டும் தெரியும். அது என் கை.

ஏழு வயதாயிற்று. அந்த வருஷம் சீசனுக்கு மலை ஏறியதும் முதலாளி லாயத்துக்கு வந்து அவன் கழுத்தைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"இந்தக் கோப்பையோட சரி. அப்புறம் நம்ம அரவேணு எஸ்டேட்ல புல்லு மேஞ்சுக்கிட்டுக் கிடக்கட்டும். நீயும் அங்கேயே வந்துரு. குவார்ட்டர்ஸ் தரச் சொல்றேன்."

வீட்டில் போய்ச் சொன்னேன். என் மனைவி நம்பவில்லை. "ஏனுங்க, நெசமாலுமே ஊடு குடுப்பாங்களா, இல்ல வாய்ப் பேச்சுங்களா?" என்று நாலு தடவை கேட்டாள். எனக்கு வீட்டைவிட அந்தப் புல்தான் மனசில் நின்றது. இவ்வளவு ஓடியவன் ஒரு நாளாவது யாரும் விரட்டாமல் நிற்க வேண்டும். இன்னும் ஒரே ஒரு ரேஸ், நாலு காலும் நலமாக அவன் வெளியே வந்தால் போதும் என்று இருந்தேன்.

எங்கள் லாயத்தில் ஒரு வழக்கம். விடிகாலையில் டிரெய்னர் வருவதற்கு முன்னால் சைஸ் தன் குதிரையின் முன்னங்கால் இரண்டையும் முழங்காலுக்குக் கீழே பிடித்துப் பார்க்க வேண்டும். பின்பக்க நரம்பில் சேதம் இருந்தால் முதலில் அது கைக்குத்தான் சூடாகத் தெரியும், கண்ணுக்குத் தெரிய நாலு நாள் ஆகும். டிரெய்னர் வந்ததும் "சுத்தம்" அல்லது "சூடு" என்று ஒரே வார்த்தை சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் அன்றைய ஓட்டம்.

கோப்பைக்கு இரண்டு வாரம் முன்னால் அவனுக்கு ஒரு சின்ன ரேஸ் இருந்தது. அன்று காலை குழாய்த் தண்ணீரில் வாளி கழுவிவிட்டு வந்து காலைப் பிடித்தேன். இடது காலில் ஏதோ இருந்தது. "சூடு சார்" என்றேன். ரேஸிலிருந்து அவனை விலக்கிவிட்டார்கள். பத்து மணிக்கு வெயில் வந்த பிறகு டாக்டர் வந்து அமுக்கிப் பார்த்தார், நடக்க விட்டார், ஓட விட்டார். ஒன்றுமில்லை என்றார். முதலாளி கோயம்புத்தூரிலிருந்து விருந்தாளிகளை வேறு கூட்டி வந்திருந்தார். டிரெய்னர் எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"ஐஸ் மாதிரி இருக்குதேய்யா கை. இந்தக் கையால தொட்டா பொணத்துக்குக் கூடக் காய்ச்சல் அடிக்கும். இனிமே அனல்ல காட்டிட்டுத் தொடு."

எல்லாரும் சிரித்தார்கள். விருந்தாளிகள் சிரித்தது எனக்கு வலிக்கவில்லை. மற்ற சைஸ்கள் சிரித்ததுதான் வலித்தது. மலைக் குளிரில் விறைத்த கை எதைத் தொட்டாலும் சூடாகத்தான் காட்டும் என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அன்று என் கை சொன்னது பொய்யா என்று இன்று வரை எனக்கு நிச்சயமில்லை. அதன் பிறகு தினமும் கரிச்சட்டியில் கையைக் காய்ச்சிக்கொண்டுதான் காலைப் பிடித்தேன். தினமும் சுத்தம். டிரெய்னருக்கும் சந்தோஷம்.

கோப்பை நாள் காலையில் பனிமூட்டம். தவிட்டுக் கஞ்சியில் பாதியை மிச்சம் வைத்திருந்தான். அவன் தீனியை மிச்சம் வைக்கிற ஜாதி இல்லை. கரிச்சட்டிக்கு முன்னால் குந்தினேன். இப்போது உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அன்று குளிர் போன பிறகும் நான் கையை எடுக்கவில்லை. தோல் சிவக்கிற வரைக்கும் காட்டிக்கொண்டே இருந்தேன். அப்படிச் சுட்ட கைக்கு இரண்டு காலும் ஒன்றுதான், பதினாறு வருஷ சைஸுக்கும் ஒன்றும் தெரியாது. அது தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தேன். போய்ப் பிடித்தேன். எதுவும் தெரியவில்லை.

"எப்படிய்யா?"

"சுத்தமா இருக்குதுங்க சார்."

டிரெய்னர் குனிந்து தொட்டுப் பார்க்கவில்லை. அவர் கை கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது. அவருக்கும் என் வாய்தான் வேண்டியிருந்தது, குதிரையின் கால் வேண்டியிருக்கவில்லை.

ஜெயித்தான். வழக்கம்போலக் கடைசியிலிருந்து வந்து, ஒரு கழுத்து நீளத்தில். வின்னிங் போஸ்ட் தாண்டி ஐந்தாறு பாய்ச்சல் போனதும் முன்பக்கம் சரிந்தது. ஜாக்கி குதித்துவிட்டார். நான் வேலியைத் தாண்டி ஓடிப் போனபோது இடது காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நின்றான். அன்று என்னைக் கடிக்கவில்லை. தலையை என் நெஞ்சில் முட்டிக்கொண்டு நடுங்கினான். அந்தப் பக்கம் பேண்டு வாசித்துக் கோப்பை கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எலும்பு உடைந்திருந்தால் ஊசி போட்டு முடித்திருப்பார்கள். உடையவில்லை, நரம்புதான் கிழிந்திருந்தது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். குதிரைக்கு அப்படி யாரும் சொல்லி வைக்கவில்லை. எஸ்டேட் பேச்சை முதலாளி அதற்கப்புறம் எடுக்கவில்லை. நானே வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "நொண்டிக்கிட்டு நிக்கிறதப் பார்த்தா வர்றவங்க என்னய்யா நினைப்பாங்க?" என்றார். மூன்று மாதத்தில் ஏரிப் பக்கம் சவாரி விடுகிற ஒருவரிடம் தள்ளிவிட்டார்கள். எனக்குக் கால் பார்க்கத் தெரியாது என்று சொல்லி என்னையும் நிறுத்திவிட்டார்கள். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம் என்று ஒரு பழமொழி உண்டு. எந்தக் குதிரையும் குழி பறித்து நான் பார்த்ததில்லை. குழி பறித்தது அத்தனையும் இரண்டு கால் உள்ளவர்கள்தான், என்னையும் சேர்த்து.

ஏரிப் பக்கமே போகாமல் இரண்டு வருஷம் இருந்தேன். பெர்ன்ஹில்லில் ஒரு லாட்ஜில் கேட் வேலை கிடைத்திருந்தது. போன மே மாதம் லாட்ஜுக்கு வந்த ஒரு குடும்பத்துக்கு ஏரிக்கு வழி காட்டப் போகவேண்டி வந்தது. அங்கே நின்றான். முதுகில் ஜிகினா வைத்த சேணம், நெற்றியில் ரோஸ் குஞ்சம், விலா எலும்பு எண்ணலாம். சவாரிக்கு வரிசை நின்றது. அவனுக்கு என்னைத் தெரியவில்லை. நான் குனிந்து அந்தக் காலைப் பிடித்தேன். கொதித்தது.

சவாரிக்காரர் மரியாதையான மனிதர். "ஏனுங்க, உங்களுக்குக் குதிரை பத்தித் தெரியுமுங்களா?" என்றார்.

"கொஞ்சம் தெரியுங்க."

"கால் எப்படியிருக்குதுங்க?"

இந்த முறை பொய் சொல்லக்கூடாது என்று இருந்தது எனக்கு. "சூடு இருக்குதுங்க. சவாரிக்கு ஆகவே ஆகாது. ஆறு மாசமாவது சும்மா நிக்கணும்" என்றேன். வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். அவர் யோசித்துத் தலையாட்டினார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்குள் ஒரு பெருமை, கடனைத் தீர்த்துவிட்டவன் மாதிரி. மனைவியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"சொன்னீங்க, சரி. அது ஆறு மாசம் எங்கீங்க நிக்கும்?"

எங்களுடையது சரிவில் தொங்கும் இரண்டு அறை, ஸ்கூட்டர் நிறுத்தவே இடமில்லை. யாரிடமாவது இடம் கேட்டிருக்கலாம். கேட்கலாம் கேட்கலாம் என்று மூன்று வாரம் போக்கினேன்.

ஜூன் மழையில் காய்கறி வாங்க மார்க்கெட்டுக்குப் போனபோது, பின்பக்கக் குப்பை மேட்டில் அவனைப் பார்த்தேன். சேணம் இல்லை, கழுத்தில் கயிறும் இல்லை. காலிபிளவர் இலைக்காக ஒரு பிளாஸ்டிக் பையைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தான், பையும் சேர்ந்து உள்ளே போனது. கையிலிருந்த பையை அங்கேயே போட்டுவிட்டு ஏரிக்கு ஓடினேன். சவாரிக்காரரின் சட்டையைப் பிடிக்கிற ஆத்திரம் எனக்கு. அவர் என்னைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டார்.

"நல்ல வேளையா அன்னைக்கு வந்து சொன்னீங்க. தெரிஞ்சவரே ஆகாதுன்னு சொன்னப்புறம் அத வச்சு என்னங்க பண்றது? அன்னைக்கு சாயங்காலமே அவுத்து உட்டுட்டேனுங்க."