பந்தயத்துக்கு முன்பே வாங்கிய மாலை

போன வருடம் ஐப்பசி மாதம், ஏற்காடு ஏரிக்கரையில் நடந்தது இது. நான் பள்ளிக்கூடம் போகாதவன். நான் சொல்லச் சொல்ல என் பேத்திதான் எழுதுகிறாள்.

பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளுக்கு ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். பேத்தியும் ஓடினாள். கிளியூரிலிருந்து தினமும் மேடேறிப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை யார் முந்தப்போகிறார்கள் என்று டீக்கடையில் ஒரு வாரமாகப் பேசியிருந்தேன். அவ்வளவு பேசிவிட்டு மாலை வாங்காமல் போகமுடியுமா? முழங்கால் வரைக்கும் தொங்குகிற சாமந்தி மாலை. என் கல்யாணத்துக்கே அத்தனை பெரிய மாலை கிடையாது. கல்யாணத்தன்றைக்குப் பார்த்து அடைமழை, பூக்காரர் மலையேறவே இல்லை. சரி, அது வேறு கதை. பேத்திக்கு மாலை வாங்கப் போனபோது பூக்கடைக்காரர், "பந்தயம் முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டார். "இனிமேத்தானுங்க" என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கட்டிக் கொடுத்தார்.

பிள்ளைகள் ஓட ஆரம்பித்ததும் மூடுபனி இறங்கிவிட்டது. எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. முதலில் ஒரு நீலச் சட்டை கோட்டைத் தாண்டியது. பேத்தியும் நீலச் சட்டைதான். ஓடியவர்களில் பாதிப்பேர் நீலச் சட்டை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. "வந்துட்டியா சாமி" என்று பாய்ந்துபோய் மாலையைப் போட்டேன். கூட்டம் கை தட்டியது. நான் அழுதே விட்டேன்.

நாலாவதாக வந்த பிள்ளை மூச்சிரைக்க என் முன்னால் நின்று, "ஏனுங்க தாத்தா, இது யாருங்க?" என்றாள்.

அதுதான் என் பேத்தி. மாலைக்குள்ளிருந்து முழித்தது ஒரு குப்பனூர்ப் பிள்ளை. அவள் மாலையைக் கழற்றப்போய்த் தயங்கினாள். "எங்க ஊட்ல யாரும் வரலீங்க தாத்தா. அதான் பேசாம நின்னுட்டனுங்க."

"நீயே போட்டுக்க. ஜெயிச்சது நீதான" என்றாள் பேத்தி. போட்டோ எடுக்கும்போது என்னையும் அந்தப் பிள்ளை பக்கத்தில் தள்ளிவிட்டாள்.

தோற்ற வருத்தத்தில் இருப்பாளே என்று திரும்பும் வழியில் மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்து ஆறுதல் சொன்னேன். பஜ்ஜி தீர்ந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"தோத்தது கெடக்குதுங்க தாத்தா. என்னைய உங்களுக்கு அடையாளம் தெரியலீங்களா?"

மூடுபனி மேல் பழியைப் போட்டுப் பார்த்தேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. யோசித்தால் அவள் கேட்டது நியாயம்தான். அன்றைக்கு நான் ஜெயித்து வருகிற பிள்ளையைத் தேடினேனே தவிர, என் பேத்தியைத் தேடவில்லை. இப்போதெல்லாம் அவள் ஓடுகிற இடத்தில் முதலில் யார் வந்தாலும் கை தட்டுகிறேன். அவள் முகம் தெரிகிற வரைக்கும் மட்டும் நின்ற இடத்தை விட்டு நகர்வதில்லை.