பிசிறக்கா ஓடவைத்த லிஃப்ட்

பிசிறக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில். தைத்து முடிந்து வரும் சட்டைகளில் நீட்டிக்கொண்டு நிற்கும் நூலைக் கத்தரிக்கும் வேலை. பிசிறு வெட்டுவது என்பார்கள். பதினான்கு வருடம் அதைத்தான் செய்தாள். ஒருநாள் தொழிற்சாலையைப் பூட்டினார்கள். அந்தப் பூட்டு வாங்கியதுதான் முதலாளி இந்தப் பகுதிக்காகச் செய்த கடைசிச் செலவு. வேலை போனது, பெயர் மட்டும் அவளோடு வீடு வரைக்கும் வந்துவிட்டது.

வீடு எட்டாவது மாடியில். பத்து மாடிக் கட்டடங்கள் நான்கு, வரிசையாக, ஒன்றைப் போலவே இன்னொன்று. லிஃப்ட் நின்று ஆறு வருடம். முதல் மாதம் எல்லோரும் சத்தம் போட்டார்கள். இரண்டாம் மாதம் மனு எழுதினார்கள். மூன்றாம் மாதம் கீழே நின்றுபோன லிஃப்டுக்குள் யாரோ ஒரு சைக்கிளை வைத்தார்கள். சைக்கிளுக்குத் துணையாக ஒரு கிழிந்த மெத்தை வந்தது, மெத்தைக்குத் துணையாக ஒரு பூனை வந்தது, பூனை குடும்பம் நடத்தத் தொடங்கியது. மனிதர்கள் எதற்கும் பழகிக்கொள்வார்கள் என்று பெருமையாகச் சொல்கிறவர்களை நாலு நாள் அந்த மாடிப்படி ஏற வைக்க வேண்டும்.

பிசிறக்காவின் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். மூன்று வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அன்றைக்கு அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, எதிர்ச்சாரி மளிகைக்கடைக்காரர் நாற்காலியின் முன்காலைப் பிடிக்க, இன்னும் மூன்று பேர் கைகொடுக்க, எட்டு மாடியும் இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிரோடு திரும்பியவரை அதே மாதிரி தூக்கிக்கொண்டு வந்து மேலே விட்டார்கள். அதற்குப் பிறகு அவர் இறங்கவில்லை. இருபத்திரண்டு வருடம் ஊரையே ஏற்றி இறக்கிய மனிதரை இறக்குவதற்கு ஆளில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே பஸ் நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். "பாரு, அவன் பிரேக் போடற லட்சணத்தை. நிக்கிறவங்க எல்லாம் மூக்கை உடைச்சுப்பாங்க" என்பார். யாரும் மூக்கை உடைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

தனக்கென்று ஆசை எதுவும் இருப்பதாக அவர் சொன்னதில்லை. ஆசை பிசிறக்காவுக்குத்தான் இருந்தது. அவரை ஒரு தடவையாவது தரைக்குக் கொண்டுவர வேண்டும். கடைச் சாமான் எல்லாம் பால்கனியில் கட்டிய கப்பியில், கயிறும் கூடையுமாக மேலே வந்துவிடும். மாதத்துக்கு ஒரு அரிசி மூட்டையைக்கூட அப்படித்தான் இழுத்துவிடுவாள். புருஷனைக் கூடையில் வைத்து இறக்க முடியாதே.

அந்தச் சமயத்தில்தான் லிஃப்ட் கம்பெனி வந்தது. தர்மம் செய்ய வரவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஊர் முழுக்க லிஃப்ட் போட்டுவிட்டு, பழுது பார்க்க ஆள் கிடைக்காமல் முழித்துக்கொண்டிருந்தது. இங்கே வேலை இல்லாத கைகளும் ஓடாத லிஃப்டுகளும் நிறைய இருந்தன. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற தபால்காரர். அவர் எழுதிய கடிதம் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. தபால்காரர் கடிதமாவது போய்ச் சேராமல் இருக்குமா? உடன்படிக்கை எளிதாக இருந்தது. கம்பெனி கருவிகளும் ஒரு இன்ஜினியரும் தரும். சங்கம் பத்துப் பேரையும் ஒரு இடத்தையும் தரும். பழுதான லிஃப்ட்தான் பாடப்புத்தகம். ஒன்பது மாதத்துக்குள் முதல் லிஃப்ட் ஓடி, அரசு ஆய்வாளர் சான்று கொடுத்துவிட்டால் மற்ற மூன்று கட்டடங்களுக்கும் பயிற்சி தொடரும். பயிற்சி முடித்தவர்களில் நாலு பேருக்குக் கம்பெனியிலேயே வேலை. இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு பகுதிக்குப் போய்விடுவார்கள். வகுப்பு நடத்த மளிகைக்கடைக்காரர் தன் மாடி அறையை ஒழித்துக் கொடுத்தார்.

பிசிறக்கா படிக்கப் போகவில்லை. லிஃப்ட் எப்போது ஓடும் என்று கேட்கப் போனாள். தபால்காரர் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"ஏம்மா, ஒன்பது பேருதான் சேந்திருக்காங்க. உன் பேரைப் போட்டுக்கட்டுமா?"

"எனக்கு நாப்பத்தேழு வயசாச்சு."

"லிஃப்டுக்கும் கிட்டத்தட்ட அதே வயசுதான். போட்டுக்கறேன்."

இன்ஜினியர் இருபத்தாறு வயதுப் பெண். மேடம் என்று கூப்பிடாதீர்கள் என்று முதல் நாளே சொன்னாள். "சரிங்க மேடம்" என்றாள் பிசிறக்கா. முதல் மாதம் எதுவும் மண்டையில் ஏறவில்லை. மின்சாரப் படங்களைப் பார்த்தால் யாரோ கோலிக்குண்டு ஆடிய தரை மாதிரி இருக்கும். மற்ற ஒன்பது பேரும் அவளுடைய பிள்ளை வயதுக்காரர்கள், டக்டக்கென்று பதில் சொல்வார்கள். இவள் வீட்டுக்கு வந்து ஜன்னலோரத்து மனிதரிடம் புலம்புவாள். அவருக்கு எஞ்சின் தெரியும், லிஃப்ட் தெரியாது. ஆனாலும் இரண்டு பேருமாக நோட்டுப் புத்தகத்தைக் குடைவார்கள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர்கள் சேர்ந்து உட்கார்ந்து படித்த முதல் புத்தகம் அதுதான்.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்களே, நகர்ந்தது. இரும்புக் கயிற்றைச் சோதிக்கும் பாடம் வந்தது. பருத்தித் துணியைக் கயிற்றின் மேல் சுற்றிப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஓட்ட வேண்டும். இழை எங்காவது அறுந்து நீட்டிக்கொண்டிருந்தால் துணி மாட்டும். பிள்ளைகள் ஓட்டிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார்கள். பிசிறக்கா துணியைப் பிடித்தாள். மூன்று இடத்தில் நிறுத்தினாள். மூன்றிலும் தலைமுடி கனத்தில் ஒரு கம்பி வெளியே எட்டிப் பார்த்தது.

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?" என்றாள் இன்ஜினியர்.

"பதினாலு வருஷம் இதானே மேடம் பொழப்பு. அங்க வெட்டி எறிஞ்சேன், இங்க எழுதி வைக்கணும். அவ்வளவுதான்."

அன்றைக்கு அவள் எட்டு மாடியும் மூச்சு வாங்காமல் ஏறினாள். சந்தோஷம் அப்படிப்பட்டது.

எட்டரை மாதத்தில் பூனைக் குடும்பம் இடம் மாறியது, கயிறு மாறியது, பிரேக் மாறியது, லிஃப்ட் அசைந்தது. வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வருவதாக ஏற்பாடு. புதன்கிழமை பாரச் சோதனை. அறுநூறு கிலோ ஏறினால் மணி அடித்து, கதவு மூட மறுக்க வேண்டும். கம்பெனியிடம் இருபத்தைந்து கிலோ இரும்பு எடைகள் நாலுதான் இங்கே இருந்தன. மீதிக்குக் கடைக்காரர் இருபது அரிசி மூட்டைகளைத் தந்தார். ஒவ்வொன்றின் மேலும் இருபத்தைந்து கிலோ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. எல்லாவற்றையும் ஏற்றினார்கள். மணி அடிக்கவில்லை. இறக்கி மறுபடி ஏற்றினார்கள். மணி வாயைத் திறக்கவில்லை.

இன்ஜினியர் பெண்ணின் முகம் வெளிறிவிட்டது. எடை அறியும் கருவி பழுது, புதிதாக வரவழைக்க ஆறு வாரம் ஆகும் என்றாள். உடன்படிக்கையில் மீதி இருப்பது பன்னிரண்டு நாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். தபால்காரர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

பிசிறக்கா மட்டும் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள். மூட்டையை ஏற்றியதும் அவள்தான், இரும்பை ஏற்றியதும் அவள்தான். இரண்டும் இருபத்தைந்து என்றால் கை ஏன் இரண்டு விதமாகச் சொல்கிறது? அவளுக்குப் புரிந்துவிட்டது. சொல்லத்தான் வாய் வரவில்லை. புருஷனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு எட்டு மாடி இறங்கிய மனிதரை நடுத்தெருவில் நிறுத்தி உன் மூட்டை பொய் என்று எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் அந்தப் புருஷன் ஜன்னலோடு போக வேண்டியதுதான். மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்துப் போனாள்.

"அண்ணே, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது. மூட்டையில எவ்வளவு இருக்கு?"

"மேலயே போட்டிருக்கேம்மா. இருபத்தஞ்சு."

"போட்டிருக்கிறதைக் கேக்கலண்ணே. இருக்கிறதைக் கேக்கறேன்."

கடைக்காரர் தராசைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தார், துடைத்தார், தட்டு தேய்ந்துவிடும் போலிருந்தது.

"மூணு வருஷமா உங்க மூட்டையைக் கயித்துல இழுத்தவ நான். ஒரு நாள் வாயைத் திறந்திருப்பேனா? இப்பவும் எனக்காகக் கேக்கலண்ணே. அவரை நீங்கதானே கீழ இறக்கினீங்க. இன்னொரு தடவை இறக்கிக் குடுங்க."

துடைத்த துணியைக் கீழே வைத்துவிட்டு, "இருபத்திமூணு இருக்கும்" என்றார் தரையைப் பார்த்து. பிறகு அவரே எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, லிஃப்ட் பக்கம் நடந்தார். "மூட்டையை எல்லாம் எடை போட்டுப் பாத்துடுங்க. என் தராசு வேணாம். பழைய பேப்பர் கடைத் தராசுல போடுங்க" என்றார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பேப்பர் கடைக்காரரின் தராசு யோக்கியம் என்று உலகத்தில் முதல் முறையாக ஒருவர் சொன்னார் அல்லவா. யாரோ ஒருவர் கத்த வாயெடுத்தார். அதற்குள் தபால்காரர், "வெயில் காலம். அரிசி காஞ்சு எடை குறைஞ்சிருக்கும்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். இரண்டு கிலோ காய்கிற அரிசி எந்த ஊரிலும் விளைவதில்லை. ஆனாலும் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. பேப்பர் கடைத் தராசும் இருபத்திமூன்று என்றுதான் சொன்னது. மேலும் இரண்டு மூட்டை ஏற்றியதும் மணி அலறியது. கருவி நல்ல கருவிதான், மூட்டைதான் சொன்ன சொல் தவறியிருந்தது. மறுநாளிலிருந்து அந்தக் கடை மூட்டை இருபத்தைந்து கிலோவே இருந்தது. பயிற்சியால் இந்தப் பகுதி கண்ட முதல் முன்னேற்றம் இதுதான். கம்பெனியின் அறிக்கையில் ஏனோ இதைச் சேர்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை சான்று கிடைத்தது. அன்று மாலை கட்டடமே லிஃப்டில் ஏறி இறங்கியது. வேலை எதுவும் இல்லாதவர்களும் பத்தாவது மாடி வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். பிசிறக்கா, ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய சக்கர நாற்காலியின் மேல் காய்ந்துகொண்டிருந்த துணிகளை எடுத்துவிட்டு, "வாங்க, போலாம்" என்றாள்.

"நாளைக்குப் போலாம்மா" என்றார் அவர்.

நாளை என்பது பத்து நாள் ஆயிற்று. தலை சுற்றுகிறது என்பார். மழை வரும் என்பார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இருக்காது. நடுவில் பிசிறக்காவுக்கு வேலை உத்தரவும் வந்துவிட்டது. திங்கள்கிழமை சேர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"யாருக்காக ஒன்பது மாசம் அந்த கிரீசுல குளிச்சேன்னு நெனச்சீங்க? ஊருக்கெல்லாம் ஓடற லிஃப்ட் உங்களுக்கு மட்டும் ஓடாதா?" கேட்டுவிட்டு அழுதாள்.

அவர் நல்ல கையால் நாற்காலியின் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "கீழ எல்லாரும் என்னை ஸ்டியரிங் புடிச்ச ஆளாத்தான் பாத்திருக்காங்க. இந்தக் கையோட எப்படிம்மா போறது?" என்றார். பிறகு இன்னும் மெதுவாக, "நீயும் வேலைக்குப் போயிடுவ. என்னைக் கீழ இறக்கிவிட்டுட்டா உன் பாரம் இறங்கிடும். அப்புறம் நான் உனக்கு எதுக்குன்னு தோணுது" என்றார்.

மூன்று வருடம் அவள் லிஃப்டைப் பற்றியே நினைத்தாள். இது அவள் மூளைக்கு எட்டவே இல்லை. "பாரமா?" என்றாள். "மின்சாரப் படம் ஒண்ணுகூட எனக்குப் புரியல. நீங்க பக்கத்துல உக்காந்து படிச்சதாலதான் பாஸ் பண்ணேன். நாளைக்கு வேற கட்டடம், வேற மெஷின். சாயங்காலம் வந்து யார்கிட்ட கேப்பேன்?" சொல்லிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

திங்கள்கிழமை விடிந்து அவள் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது உள்ளறையில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். அவர் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, ஒற்றைக் கையால் பொத்தான்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நாலு போட்டிருந்தார், அதில் ஒன்று தப்பான ஓட்டையில் இருந்தது. அவள் சரிசெய்யப் போனாள்.

"விடு. நானே போடறேன். இருபத்திரண்டு வருஷம் என்னை வாசல்ல நின்னு அனுப்பிவெச்ச. இன்னைக்கு நீ போற. நான் ஸ்டாப் வரைக்கும்கூட வரலைன்னா எப்படி?"

எட்டிலிருந்து கீழே வர நாற்பது நொடி. அவர் கதவைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டு வந்தார். கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து நின்றார். திரும்ப மேலே கொண்டுபோய் விட நான் இருக்கிறேன் என்பது போல் கையை உயர்த்தினார். நிறுத்தத்தில் நின்றவர்கள் சக்கர நாற்காலிக்கு வழி விட்டார்கள். வெயில் அவர் முகத்தில் நேராக விழுந்தது, கண்ணைச் சுருக்கிக்கொண்டார்.

பஸ் வந்தது. ஸ்டியரிங்கில் புதிதாகச் சேர்ந்த பையன், அவரை யாரென்று அவனுக்குத் தெரியாது. பிசிறக்கா கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினாள். அவர் நாற்காலியை நல்ல கையாலும் காலாலும் உந்தி, டிரைவரின் ஜன்னலுக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தி, அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி, பாத்து மெதுவா ஓட்டுப்பா. என் வீட்டம்மா வேலைக்குப் போறாங்க."